தரங்கம்பாடியில் கடலோரப் பழைய பங்களாவில் தங்குவது: அடிக்கடி வரும் கேள்விகள்

சொந்தத்திலோ நட்பிலோ யாராவது தரங்கம்பாடிக்குக் கிளம்பினால் எனக்கு ஒரு போன் வந்துவிடும். நான் நாலைந்து முறை போய்த் தங்கியவன் என்பதுதான் காரணம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமே, எதற்குத் தங்க வேண்டும்?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பதினொரு மணிக்கு வேன் வரும், கோட்டையை ஒரு சுற்று சுற்றுவார்கள், பீரங்கியோடு போட்டோ எடுப்பார்கள், ஒரு மணிக்கெல்லாம் வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ புறப்பட்டுவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் மண்டையைப் பிளக்கும் வெயிலையும் மூடிய சில கதவுகளையும்தான் பார்த்திருப்பார்கள்.

வேன்கள் எல்லாம் போன பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டும். மாலை ஐந்து மணிக்குக் கோட்டைச் சுவரின் நிழல் மணலில் நீண்டுகொண்டே போகும். இரவில் கடலைத் தவிர வேறு சத்தமே இருக்காது. விடிகாலையில் படகுகள் கரைக்குத் திரும்பும். இந்த மூன்றையும் தங்கினால்தான் பார்க்க முடியும்.

இங்கே தங்குவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. டேன்ஸ்போர்க் கோட்டையே சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரை அரசின் ஆய்வு மாளிகையாக இருந்தது. அப்புறம்தான் தமிழ்நாடு தொல்லியல் துறை அதை எடுத்துக்கொண்டது. கோட்டைக்குள்ளேயே படுத்துத் தூங்கிய அதிகாரிகளை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இந்தப் பங்களாக்கள் யார் கட்டியவை? இந்தச் சின்ன ஊருக்கு எப்படி வந்தன?

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே இறங்கினார்கள். டென்மார்க்கிலிருந்து கப்பல்களோடு வந்தவர் ஓவே யெட்டே. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் வந்தது முக்கியமாக மிளகுக்காக. கோட்டையும் மதில் சூழ்ந்த நகரமும் அதற்குப் பின்னால் எழுந்தவை.

ஐரோப்பாவில் பணமுடை வர, 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அதன்பின் கொஞ்ச காலம் தஞ்சாவூர் மாவட்டத்தின் தலைமையிடமே இதுதான். கலெக்டர் இங்கே உட்கார்ந்துதான் ஆட்சி செய்தார். 1860-இல் தலைமையிடம் தஞ்சாவூருக்குப் போனது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல்களும் அங்கே போய்விட்டன. ஊர் அப்படியே உறைந்து நின்றது. தொழிலும் பணமும் தங்கியிருந்தால் இந்த வீடுகளை என்றோ இடித்து காம்ப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள். ஊர் நொடித்துப் போனதால்தான் வீடுகள் பிழைத்தன.

அறை எப்படி இருக்கும்? ஸ்டார் ஓட்டல் மாதிரியா?

அந்த நினைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உயரமான கூரை, தடித்த சுவர், அறையைச் சுற்றித் தூண் வைத்த வராண்டா. கூரையை அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்தரங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி இடித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். மதிய வெயில் இதைத் தாண்டி உள்ளே இறங்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

குறைகளும் உண்டு. பழைய வீட்டுக்குள் பின்னால் சேர்த்த குளியலறை என்பதால் சில அறைகளில் அது இடுக்காக இருக்கும். மரக் கதவு மழைக்காலத்தில் உப்பிப்போய்ச் சாத்தாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எழ ஒரு நிமிஷம் ஆகும். குழாயில் வருவது உவர்த் தண்ணீராக இருந்தால் சோப்பு நுரைக்காது. சோப்பில் குறையில்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் திரித்துவிடும். தலைக்குக் குளிக்க ஷாம்பு கொண்டுபோங்கள்.

சுவரில் பெயின்ட் உரிந்து நிற்கிறதே. பராமரிப்பே கிடையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வரவேற்பறையில் சண்டைக்கே போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கடல்காற்று உப்பைச் சுமந்து வந்து சுவரில் ஏற்றுகிறது. ஈரம் காயும்போது அந்த உப்பு படிகமாகி, மேல்பூச்சை உள்ளிருந்து தள்ளுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால் மேலாக உதிரும், அவ்வளவுதான். வருஷா வருஷம் வெள்ளையடித்தால் சரியாகிவிடும். எவராவது புத்திசாலி அதன் மேல் சிமென்ட்டைப் பூசி, பளபளவென்று பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில வருஷத்தில் செங்கல்லே மாவாகக் கொட்டும். ஆகவே லேசாக உப்புப் பூத்த சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தால் முகம் சுளிக்காதீர்கள். அந்த வீட்டைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். படுக்கை விரிப்பில் ஈர வாடை அடித்தால் மட்டும் தாராளமாகப் புகார் செய்யுங்கள். அதற்குச் சுண்ணாம்பு பொறுப்பில்லை.

'கடல் பார்த்த அறை' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு முறை நான் அப்படிச் சொன்ன அறைக்குக் கூடுதலாகப் பணம் கட்டினேன். ஜன்னலில் இடது தோளைச் சாய்த்து எட்டிப் பார்த்தால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு சாண் கடல் தெரிந்தது. கேட்டதற்கு "தெரியுதே சார்" என்றார்கள். பொய் இல்லைதான்!

முன்பதிவின்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அறை மாடியிலா கீழேயா? வராண்டா கிழக்கே பார்க்கிறதா? அந்த வராண்டா உங்களுக்கு மட்டுமா, எல்லா அறைக்கும் பொதுவா? கீழ்த்தள அறை நேராகக் கடலைப் பார்த்தாலும் சுற்றுச்சுவர் மறைக்கலாம். மாடியில் பொது வராண்டா இருக்கிறது என்றால் உள்பக்க மலிவு அறையை எடுத்துக்கொண்டு நாள் முழுக்க வராண்டாவில் உட்கார்ந்துவிடலாம். நான் இப்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன்.

அலைச் சத்தத்தில் தூக்கம் வருமா?

முதல் இரவு வராது. இரண்டாம் இரவு வரும். வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் இரவு அது இல்லாமல் தூக்கம் வராது.

எந்த மாதம் போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் பாதி வரை. மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத காலம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, வங்கக்கடல் புயல்களும் அப்போதுதான். பணம் கட்டும் முன் ரத்து செய்தால் திருப்பித் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழையைப் பார்க்கவே போகிறவர்களும் உண்டு. அவர்களை நான் தடுக்க மாட்டேன், அந்த வராண்டாவில் மழை பார்ப்பது தனி சுகம்.

ஏப்ரல், மே வெயில் கொடுமைதான். ஆனால் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிட்டால் மாலைகள் நன்றாக இருக்கும், அறையும் சுலபமாகக் கிடைக்கும்.

சூரியோதயம் ஜூனில் ஆறுக்குப் பத்து நிமிஷம் முன்னால், ஜனவரியில் ஆறரையைத் தாண்டி. அதற்கு அரைமணி முன்பே கரையில் இருங்கள். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்து நேராக வெளியே ஓடினால் லென்ஸில் ஆவி படிந்துவிடும். முந்தின இரவே அதை வராண்டாப் பக்கம் வைத்துவிடுவது நல்லது.

விடுமுறையும் இல்லை, ஆனாலும் அறை கிடைக்கவில்லை. ஏன்?

பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஏழெட்டு கிலோமீட்டரில் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் எல்லாவற்றுக்கும் குடும்பம் குடும்பமாக அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்கு வருவார்கள். அங்கே இடம் இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பிள்ளைகள் வழிந்து வருவது இந்தக் கடலோரத்துக்குத்தான். நல்ல நாள் என்றால் செவ்வாய், புதனானாலும் அறை நிரம்பியிருக்கும். அபிராமி பட்டருக்காக நிலவு தோன்றியதாகச் சொல்லும் தை அமாவாசையிலும் அப்படித்தான்.

எப்படிப் போவது?

ரயிலில் வருவதானால் மயிலாடுதுறையில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பொறையாறு, காரைக்கால் பஸ்கள் உண்டு. காரில் சென்னையிலிருந்து என்றால் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். பஸ் ஸ்டாப்பிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான், பெட்டி இருந்தால் ஆட்டோ பிடியுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கே ரயில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1926-இல் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதையை 1986-இல் மூடிவிட்டார்கள். அந்த ரயிலில் வந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கிளம்பும் முன் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

ஊருக்குள் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

வண்டியை மறந்துவிடுங்கள், எல்லாம் நடைதூரம். என் வரிசை இது.

காலையில் கடற்கரை. கோட்டைக்கு வடக்கே கரையோரமாகப் போனால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கோட்டை வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தியது இந்தக் கோயில் என்பதை ஒரு நிமிஷம் நின்று நினைத்துப் பாருங்கள். டேனிஷ் கதையையே பேசிப் பேசி இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ராஜா வீதி. மேற்குக் கோடியில் நகர வாயில் நிற்கிறது. இப்போது நாம் பார்ப்பது 1792-இல் கட்டியது, மேலே டேனிஷ் அரச முத்திரை இருக்கும். இதே வீதியில் இரண்டு பழைய தேவாலயங்கள் உண்டு. 1701-இல் திறந்த சீயோன் ஆலயம் டேனிஷ்காரர்களுக்கானது. 1718-இல் வந்த புதிய எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக சீகன்பால்கு கட்டியது. அவர் 1706 ஜூலை 9 அன்று இங்கே இறங்கிய ஜெர்மானிய மதபோதகர். மணலில் விரலால் எழுதிப் பழகித் தமிழ் கற்றார் என்று ஊரில் சொல்வார்கள். 1719-இல், முப்பத்தாறு வயதில் இறந்து அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை இங்கே அச்சிட்டு முடித்தார். காகிதத்துக்காகப் பக்கத்துப் பொறையாற்றில் பட்டறை போட்டார்கள். ஒரு திருத்தம்: "தமிழின் முதல் அச்சே இங்கேதான்" என்று வழிகாட்டிகள் அடித்துச் சொன்னால் தலையாட்டாதீர்கள். 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சாகிவிட்டது.

கோட்டையை மதியம் மூன்றரைக்கு மேல் வையுங்கள். கீழ்த்தளத்து வளைவு அறைகள் கிடங்காகவும் வெடிமருந்து வைக்கவும் சிறையாகவும் பயன்பட்டவை, மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். உள்ளே சின்ன அருங்காட்சியகம் உண்டு. வெள்ளிக்கிழமை அது விடுமுறை. இதைத் தெரியாமல் வெள்ளி வந்து சனி காலை கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மாலையில் கொத்தளத்தின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் அணிவகுப்பு மைதானம், அதற்கப்பால் ஆளுநர் மாளிகை.

ராணி வீதியையும் தட்டார வீதியையும் திட்டமில்லாமல் நடந்து பாருங்கள். ஐரோப்பியத் தூணும் தமிழ்த் திண்ணையும் ஒரே வீட்டில் சமாதானமாக இருப்பதைப் பார்க்கலாம். அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், கேட்காமல் உள்ளே போட்டோ எடுக்காதீர்கள்.

தரங்கம்பாடி என்றால் 'பாடும் அலைகள்' என்றுதானே பொருள்?

தரங்கம் என்றால் அலை, சரி. பாடி என்பது பாடுவதா? வாணியம்பாடி, காட்பாடி எல்லாம் என்ன பாடுகின்றன? ஊர், குடியிருப்பு என்பதற்கான பழைய சொல் அது. மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்றுதான் இருக்கிறது. 'பாடும் அலைகள்' விளம்பரப் பலகைக்கு அழகாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஓசோன் நிறைந்த காற்று, நெஞ்சுக்கு நல்லது என்கிறார்களே?

இதை நம்ப வேண்டாம். தரையோரம் நாம் மூச்சில் இழுக்கும் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. அது நிறைய இருக்கிறது என்றால் ஓட வேண்டும், ஆழ்ந்து இழுக்கக் கூடாது. ஓசோன் என்று பலர் நினைக்கும் அந்தக் கடல் வாசனை பெரும்பாலும் பாசியும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கந்தகச் சேர்மம். காற்று சுத்தமாக இருக்கிறது, புகை இல்லை. அதுவே போதுமே.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். அலை வேகமும் அடியில் இழுப்பும் அதிகம், தண்ணீருக்குள் பழைய கட்டடக் கற்களும் பாறைகளும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. படகு வலிக்கும் ஆட்களிடம் கேளுங்கள், எந்த இடத்தில் இறங்கக் கூடாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள்.

சுனாமி வந்த இடமாயிற்றே, பயமில்லையா?

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையும் அடிபட்டது. அப்போது இது நாகப்பட்டினம் மாவட்டம், அந்த மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000-க்கு மேல். தமிழ்நாட்டிலேயே மிகுந்த சாவு அங்கேதான். இங்கே பேசும் மீனவர்களில் பலர் வீட்டு ஆளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். வேடிக்கை பார்க்கிற தொனியில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

2007 முதல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேற்கே நடையைக் கட்டுங்கள். பெட்டியை எடுக்க அறைக்குத் திரும்பாதீர்கள்.

சாப்பாடு?

தங்கும் இடத்திலேயே சாப்பிட வேண்டியிருக்கும். ஊருக்குள் கடைகள் குறைவு, இரவு எட்டரைக்கு மேல் அதுவும் இல்லை. மீன் வேண்டும் என்றால் மதியத்துக்கு வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் "இன்னைக்கு என்ன வந்தது?" என்று கேட்டால் சங்கராவோ பாறையோ கொடுவாவோ, அன்று கரையேறியது கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப் படகில் வரும் கொஞ்சம் மீன்தான், விலையும் எகிறும். சைவக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை, பொறையாற்றில் நல்ல டிபன் கிடைக்கும்.

காரைக்கால் பக்கம்தானே, வரும்போது இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் மாட்டுவீர்கள், வண்டியும் சேர்ந்து மாட்டும்.

அம்மா அப்பாவைக் கூட்டிப்போகலாமா? சின்னப் பிள்ளைகள்?

போகலாம், கீழ்த்தள அறை கேளுங்கள். பழைய வீடுகளில் படிக்கட்டு செங்குத்து, லிப்ட் இருக்காது. வாசற்படி உயரமாக இருக்கும், ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுக்கும், ஒரு டார்ச் தலைமாட்டில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மைதானமும் மணலும் போதும். ஆனால் மாடி வராண்டாக் கைப்பிடிச் சுவர் சில இடங்களில் தாழ்வு, ஒரு கண் வைத்திருங்கள். கொசு அந்தி நேரத்தில் வரும், அப்போது கடல் பக்கம் போய்க் காற்றில் உட்கார்ந்துவிட்டால் தப்பலாம்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வருகிறார். ஏதாவது செய்ய வேண்டுமா?

பாஸ்போர்ட், விசா நகல் தயாராக வைத்திருங்கள். வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசிடம் பதிவு செய்வது விடுதியின் கடமை.

இன்னொரு நாள் கையில் இருந்தால்?

பூம்புகார், சுமார் 20 கிலோமீட்டர். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காலையில் பாருங்கள், அப்புறம் காவிரி கடலில் சேரும் இடம். பெரிய ஆறாக எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான், ஆண்டின் பல மாதங்களில் மெலிந்து கிடக்கும். தெற்கே போவதானால் காரைக்கால் அம்மையார் கோயில், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மூன்றும் ஒரே சாலையில் வரும். ஆனால் இவ்வளவு தூரம் வந்து வராண்டா நாற்காலியை விட்டு எழ மனம் வராதவர்கள் உண்டு. போன தடவை நானும் அப்படித்தான், பூம்புகாருக்கு வாடகைக் கார் சொல்லிவிட்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பினேன்.

காலையில் அறையைக் காலி செய்துவிட்டு மாலை ரயில் பிடிக்க வேண்டும். பெட்டி?

வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள், கேட்டால் போதும். ஈரத் துண்டையும் மணல் செருப்பையும் தனிப் பையில் போடுங்கள். அந்த மணல் வீட்டில் ஒரு மாதத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.